ஜாக்கியில் நின்ற வீடு

என் கார் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் சுத்தியல் சத்தம் நின்றுவிடும். பதினாலு வருஷமாக எனக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான். வீடு கட்டுகிற, பழுதுபார்க்கிற வேலைகளை எடுத்துச் செய்கிறவர்களிடம் மாநில லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். இல்லாதவருக்கு நோட்டீஸ் எழுதிக் கையில் கொடுப்பேன். வெர்னல் டேட்டம் வருகிறாள் என்றால் ஜாக்சன் நகரில் பாதிப்பேர் ஏணியிலிருந்து இறங்கிவிடுவார்கள் என்று எங்கள் மேலதிகாரி ஃபோர்ட்டன்பெரி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார். நான் அதை ரசித்ததில்லை. ஆனால் என் வேலையை நம்பினேன். அஸ்திவாரத்தைச் சரிசெய்கிறேன் என்று வந்து, வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று அழுத பெண்களையும் தெரியும். லைசென்ஸ் எண் என்று ஒன்று இருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

அஸ்திவாரப் புகார்தான் எங்களுக்கு அதிகம் வரும். மண் அப்படி. மழைக்காலத்தில் களிமண் ஊறிப் பருத்து வீட்டைத் தூக்கும், கோடையில் சுருங்கி வெடித்துக் கீழே விடும். கதவு மூடாது. சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கோடு ஓடும். முட்டையை மேஜையில் வைத்தால் உருண்டு போகும். இங்கே பிறந்தவர்கள் யாரும் இதற்காக ஆச்சரியப்படுவதில்லை. வீடு தூக்குகிற ஆளைக் கூப்பிடுவார்கள்.

அப்படிக் கூப்பிடப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனில் புகார் வந்தது. ஆல்டன் கேடிஸ் என்பவர் லைசென்ஸ் இல்லாமல் மேற்கு ஜாக்சனில் ஒரு வீட்டைத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். முகவரியை எழுதிக்கொண்டு, டிக்கியில் கிடக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன்.

பழைய மரவீடு. தரைக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி விட்டுச் செங்கல் தூண்கள்மேல் நிற்கிற மாதிரி. வாசலில் ஒரு பழைய பச்சை லாரி. ஆளைக் காணோம். வீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆல்டன் கேடிஸ் யார் என்று அந்தக் கால்களிடம் கேட்டேன்.

"நான்தான் மேடம். ரப்பர் பூட்ஸ் தெரியுது. இந்த ஊர்ல அதைப் போட்டுக்கிட்டு வீடு வீடா வர்ற பொம்பளை ஒருத்தர்தான். இருங்க, வர்றேன்."

ஊர்ந்து வெளியே வந்தார். அறுபது அறுபத்திரண்டு வயதிருக்கும். கொக்கு மாதிரி ஒல்லி. நெற்றி, காது, கழுத்து எல்லாம் களிமண். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பலவிதமான பதில்கள் பழக்கம். இன்னொரு லாரியில் இருக்கிறது, மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள், போன வெள்ளத்தில் நனைந்துவிட்டது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இல்லைங்க" என்று மட்டும் சொன்னார். அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது என்பதற்காக நோட்டீஸ் எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினேன். இந்த நிமிஷத்திலிருந்து எல்லா வேலையையும் நிறுத்த வேண்டும், அடுத்த மாதம் லைசென்ஸ் வாரியத்தின் முன்னால் விசாரணைக்கு வர வேண்டும்.

அவர் நின்றபடியே முழுவதையும் படித்தார். நாலாக மடித்தார்.

"இந்த நிமிஷத்துல இருந்தா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப வீட்டை என்ன பண்றது மேடம்?"

நான் குனிந்து பார்த்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். முன்பக்கத்துப் பழைய தூண்கள் எல்லாவற்றையும் அவர் எடுத்திருந்தார். புதுத் தூண்கள் இன்னும் எழும்பவில்லை. பாதி வீடு பதினோரு ஜாக்கிகளின் தலையில் உட்கார்ந்திருந்தது. ஜாக்கிகள் பலகையின்மேல், பலகைகள் களிமண்ணின்மேல்.

வீட்டுக்காரி இடெல்லா ஸ்டாம்ப்ஸ் வராந்தாவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கடைசி வரிசையில் சேட்டை பண்ணுகிற பையனைக் கண்ணாடியிலேயே பார்த்து அடக்குகிற பார்வை அவருக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பார்வையை என்மேல் வைத்தார்.

"ஏம்மா, எழுதிட்டியா? நல்லது. நான் இப்போ ஆகாசத்துல நிக்கிறேன். என்னை இறக்கிவிடுறதுக்கும் உங்க ஆபீஸ்ல ஏதாவது காகிதம் இருக்கா?"

வியாழக்கிழமை சாயங்காலம் முதல் மூன்று நாள் கனமழை என்று காலையில்தான் வானொலியில் சொன்னார்கள். பலகைக்கு அடியில் மண் ஊறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காரில் போய் உட்கார்ந்து ஃபோர்ட்டன்பெரியைக் கூப்பிட்டேன். நோட்டீஸ் கொடுத்தாயிற்று, திரும்ப வாங்க முடியாது என்றார். ஒரு வீடு அந்தரத்தில் நிற்கிறது என்றேன். சட்டப் புத்தகத்தை மறுபடி படி வெர்னல், உனக்குத்தான் அது மனப்பாடம் ஆயிற்றே என்று வைத்துவிட்டார்.

படித்தேன். வருஷக்கணக்காக நான் பிறருக்குச் சொல்லிவந்த பகுதிதான். லைசென்ஸ் இல்லாதவர் வேலையை ஒப்பந்தம் எடுக்கக் கூடாது. ஆனால் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, வேலை நடக்கிற இடத்திலேயே நின்று பொறுப்பேற்றால், அவரிடம் கூலிக்கு யாரும் வேலை செய்யலாம். ஆக, எனக்கு வேண்டியது ஒரு லைசென்ஸ்காரர். நாளைக்கே.

காரின் முன்பக்கத்தில் பட்டியலை விரித்துவைத்துக் கூப்பிட ஆரம்பித்தேன். முதல் நிறுவனம் மூன்று வாரம் கழித்து வந்து பார்க்கிறோம் என்றது. இரண்டாவது, இன்னொருத்தர் பாதியில் விட்டதைத் தொடமாட்டோம் என்றது. இடெல்லாவும் ஆல்டனும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். அடுத்த பெயரை நான் வாய்விட்டுப் படித்தேன். ஹோசியா லாட்டிமோர்.

ஆல்டன் தன் லாரிக்கு நடந்து போய், உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

விஷயத்தை இடெல்லாதான் எனக்குச் சொன்னார். ஆல்டனும் ஹோசியாவும் இருபது வருஷம் கூட்டாளிகள். மேற்கு ஜாக்சனில் அவர்கள் முதுகு படாத வீட்டடி இல்லை. ஒருவர் திருமணத்தில் மற்றவர் தோழனாக நின்றார். ஹோசியாவின் இரண்டாவது மகளுக்கு ஆல்டன்தான் ஞானத்தகப்பன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வீடு தூக்குகிறவர்களுக்கும் லைசென்ஸ் கட்டாயம் என்று ஆனபோது, இரண்டுபேரும் ஒரே லாரியில் பரீட்சைக்குப் போனார்கள். ஹோசியா பாஸ். ஆல்டன் மூன்று மார்க்கில் கோட்டைவிட்டார். பரீட்சையில் பொய் எழுதச் சொல்கிறார்கள், என்னால் முடியாது என்றார். அதற்கு மேல் யார் கேட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு ஹோசியா வந்த லாரியின் கதவில் புதுப் பெயின்ட்டில் 'லாட்டிமோர் வீட்டு அஸ்திவாரம்' என்று எழுதி, கீழே லைசென்ஸ் எண். அதில் முன்பு இருந்த கேடிஸ் என்ற பெயர் அழிக்கப்பட்டிருந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் கோழிக்கறித் தட்டோடு மரத்தடியில் நின்ற நேரம். ஆல்டன் அதைப் பார்த்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"அன்னையில இருந்து இவர் இடதுபக்க பெஞ்சு, அவர் வலதுபக்க பெஞ்சு" என்றார் இடெல்லா. "பாதிரியார், பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கை கொடுங்கன்னு சொல்றப்ப ரெண்டு பேரும் பாட்டுப் புத்தகத்தைத் தேடுவாங்க. பார்த்துப் பார்த்து எங்களுக்கே அலுத்துப்போச்சு."

நான் எண்ணை அழுத்தினேன். கனத்த, நிதானமான குரல். என் பெயரைச் சொன்னதும் தன் லைசென்ஸ் அடுத்த வருஷம் வரை செல்லும் என்றார். அதற்காக இல்லை என்று சொல்லி நடந்ததை விவரித்தேன். ஆல்டனின் பெயரையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"எந்த மூலையை முதல்ல தூக்கினான்?"

எனக்குத் தெரியவில்லை. லாரி ஜன்னலில் தட்டி ஆல்டனிடம் கேட்டேன். அவர் எதிர்ப்பக்கம் பார்த்தபடி, தென்மேற்கு என்றார். நான் போனில் சொன்னேன்.

"சரியாத்தான் பண்ணியிருக்கான்" என்றார் ஹோசியா. "காலையில ஏழு மணிக்கு வர்றேன்."

ஆல்டனை இறங்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. புகார் கொடுத்ததே ஹோசியாதான் என்று அவர் தீர்மானமாக இருந்தார். மாட்டிவிட்டவனிடமே கூலிக்குப் போகச் சொல்கிறீர்களா, இதைவிட வீட்டை முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறேன் என்றார். புகார் கொடுத்தவர் யார் என்று நான் சொல்லக் கூடாது. என் உத்தியோகத்தில் நான் ஒருநாளும் மீறாத விதி அது. உண்மையில் புகார் கொடுத்தது நாலு வீடு தள்ளி இருந்த ஒருவர். ஆல்டனின் லாரி அவர் கார் திரும்புகிற இடத்தை அடைத்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

"மிஸ்டர் கேடிஸ், யாருன்னு நான் சொல்லக் கூடாது" என்றேன். "ஆனா அவர் இல்ல."

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மிஸ் இடெல்லாவுக்காக" என்று இறங்கினார்.

மறுநாள் காலையில் ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே ஹோசியா வந்துவிட்டார். ஆல்டனுக்கு நேர் எதிர் உடம்பு. எப்படி அந்த இரண்டடிக்குள் நுழைவார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. இடெல்லாவின் சாப்பாட்டு மேஜையில் காகிதங்களை வைத்தேன். ஒப்பந்தம் ஹோசியாவின் பெயருக்கு மாறியது. ஆல்டன் கேடிஸ், கூலித் தொழிலாளி என்று இன்னொரு காகிதம். மேஜையின் அந்தக் கோடியில் ஒருவர், இந்தக் கோடியில் ஒருவர். பேனாவை ஒருவர் மற்றவருக்கு நீட்டத் தயாராக இல்லை. இடெல்லா நடுவில் உட்கார்ந்து பேனாவை வாங்கி வாங்கிக் கொடுத்தார். கூலித் தொழிலாளி என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது ஆல்டனின் காது சிவக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

இரண்டுபேரும் வீட்டுக்கு அடியில் போனார்கள். ஹோசியா நுழைந்த விதத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். பூனை சோபாவுக்கு அடியில் போகிற மாதிரி போனார்.

நான் கிளம்பியிருக்கலாம். என் வேலை முடிந்துவிட்டது. ஆனால் ஜாக்கியை ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் உள்ளே இரண்டு அறைகளில் டியூப் லெவலைப் பார்த்து அளவு சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இடெல்லா முன்னறையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, என்னைச் சமையலறைக்கு அனுப்பினார். டியூப்பில் நிற்கிற தண்ணீரின் மட்டத்தைப் படித்து, தரையைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு அரசாங்க அதிகாரியான நான் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, பலகைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஃபோர்ட்டன்பெரி பார்க்கவில்லை.

கீழே அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எங்கள் மூலமாகப் பேசினார்கள். மிஸ் இடெல்லா, மூணாவது ஜாக்கி காத்திருக்குன்னு அவர்கிட்டச் சொல்லுங்க என்று ஆல்டனின் குரல் வரும். இடெல்லா அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், மேடம், எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க என்று ஹோசியாவின் குரல் வரும். இரண்டுபேருக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இருந்திருக்காது. பத்து மணிக்குள் இடெல்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. என் பஸ்ஸில் இப்படிப் பண்ணியிருந்தால் ரெண்டு பேரையும் இறக்கிவிட்டிருப்பேன் என்று காலால் தரையைத் தட்டினார். அதற்குப் பிறகு அவர்கள் மூச்சு விடாமல் வேலை செய்தார்கள்.

ஆனால் இடையில் நான் வெளியே போய்க் குனிந்து பார்த்தபோது வேலை என்னவோ அற்புதமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் கேட்பதற்குள் மற்றவர் கல்லை நகர்த்தியிருந்தார். தூணுக்கும் மரத்துக்கும் நடுவே செருகுகிற தகடு வேண்டும் என்று யாரும் சொல்லாமல் தகடு போய்ச் சேர்ந்தது. நான் எத்தனையோ வேலையிடங்களைப் பார்த்திருக்கிறேன். பேசிக்கொள்ளாத இருவர் இப்படிச் சேர்ந்து வேலை செய்து பார்த்ததில்லை.

மத்தியானம் நெருங்கும்போது, வீடு ஏறக்குறைய மட்டத்துக்கு வந்துவிட்ட நேரத்தில், சுவருக்குள்ளிருந்து நீளமாக ஒரு முனகல் கேட்டது. பழைய மரம் வளையும்போது வரும் சத்தம். ஹோசியா கால் சுற்று என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஆல்டன் வெடித்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் ஹோசியாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் எங்கள் காலுக்கு அடியில்தான் வந்தன.

"நிறுத்துடா. வீடு போதும்னு சொல்லுது, காதுல விழலையா?"

"நிறுத்தத்தான் போறேன். கால் சுத்து இறக்குன்னு சொல்ல வந்தேன்."

"நீயா இறக்குவ? ஒரே தூக்கா முழுசும் தூக்கணும்னு பரீட்சையில எழுதிக்கொடுத்துட்டு வந்தவன்தானே நீ."

"நான் எப்ப அப்படி எழுதினேன்?"

"நாப்பத்தொண்ணாவது கேள்வி. ஒரு பக்கம் தாழ்ந்த வீட்டை எப்படித் தூக்கணும். ஏ, ஒரே தடவையில முழுசா. பி, அப்படியே விட்டுடணும். சி, சுவரை இடிச்சுட்டுத் தூக்கணும். மூணும் பொய். எதையோ ஒண்ணைப் போட்டுத்தானே நீ பாஸானே. நான் பென்சிலைக் கீழ வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன்."

நான் டியூப்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன்.

"ஆல்டன்" என்றார் ஹோசியா. "நான் டி போட்டேன்."

"டி எங்க இருந்துச்சு?"

"கொஞ்சம் கொஞ்சமா தூக்கி, நிறுத்தி, மரம் என்ன பண்ணுதுன்னு பார்த்துத் தூக்கணும். அதான் டி."

"எங்கடா இருந்துச்சு?"

"பக்கத்தைத் திருப்பினா இருந்துச்சு. அதுக்கப்புறமும் ஒம்பது கேள்வி இருந்துச்சு."

முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அது பெரிதாயிற்று. யாருக்காவது அடிபட்டதா என்று இடெல்லா பதறிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். கீழே இரண்டு கிழவர்கள் முதுகு மண்ணில் பட மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. யாருடையது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அது அடங்கிய பிறகு ஆல்டன் தாழ்ந்த குரலில் லாரிக் கதவைப் பற்றிக் கேட்டார். எதற்காக என் பேரை அழித்தாய் என்றார்.

"லைசென்ஸ் இல்லாதவன் பேரைக் கதவுல போட்டா என் லைசென்ஸும் போயிடும்னு சொன்னாங்க. போன் பண்ணிக் கேட்டேன். ஆபீஸ்ல ஒரு அம்மா ரொம்பக் கறாராச் சொன்னாங்க. நீ அடுத்த பரீட்சை எழுதினதும் சேர்த்துடலாம்னு இருந்தேன். நீ எழுதவே இல்ல."

"நீ என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"நீ என்னைப் பார்த்தாத்தானே சொல்ல."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சில மாதம் களப்பணியை விட்டு, அந்தக் கேள்விக்கெல்லாம் போனில் பதில் சொல்கிற மேஜையில் இருந்தது நான்தான். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு அதையே சொல்வேன். சொன்னது சரிதான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் டியூப் லெவலை வைத்துவிட்டு இடெல்லாவின் சமையலறை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். இடெல்லா ஒரு டம்ளர் குளிர்ந்த தேநீரை என் முன்னால் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கடைசித் தூணில் கடைசித் தகட்டை அடித்து, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நாலரைக்கு மழை பிடித்தது. சனிக்கிழமை ராத்திரி வரை பெய்தது. திங்கட்கிழமை நான் போய் அளந்தேன். ஒரு நூல்கூட அசையவில்லை. முன்கதவு ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொண்டது. அதை இடெல்லா எனக்காக ஏழெட்டுத் தடவை சாத்திக் காட்டினார்.

இத்தனை ஆன பிறகும் விசாரணை விசாரணைதான். நான் எழுதிய நோட்டீஸ் உண்மை. அவர் ஒப்பந்தம் எடுத்தது உண்மை. ஏப்ரல் மாதம் வாரியத்தின் முன்னால் நின்று நான் அதைத்தான் சொன்னேன். ஆல்டன் சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் ஹோசியா, பக்கத்தில் இடெல்லா, அவர்களுக்குப் பின்னால் தேவாலயத்தில் பாதி. இடதுபக்க பெஞ்சும் வலதுபக்க பெஞ்சும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனை வருஷம் ஏன் லைசென்ஸ் வாங்கவில்லை என்று தலைவர் கேட்டார். நீளமாக ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆல்டன் தொண்டையைச் செருமினார்.

"பக்கத்தைத் திருப்பலைங்க" என்றார்.

வாரியத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, இதற்கு என்ன அர்த்தம் என்றார். நான் விளக்க வேண்டியதாயிற்று. பாதி சொல்லும்போதே பின்வரிசையில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. வாரியத்தில் உட்கார்ந்திருந்த வயதான பொறியாளர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், அந்த வீட்டை எப்படித் தூக்கினீர்கள் என்று ஆல்டனிடம் விசாரித்தார். ஆல்டன் கையாலேயே காட்டிக் காட்டிச் சொன்னார். எந்த மூலையில் தொடங்கினது, எத்தனை மணிநேரம் விட்டது, எந்தச் சத்தத்துக்கு நிறுத்தியது. பொறியாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். முடிவில் ஒரு சிறிய அபராதம் விதித்தார்கள். ஆறு மாதத்துக்குள் பரீட்சை எழுத வேண்டும், அதுவரை லைசென்ஸ் உள்ளவரின் கீழ் மட்டுமே வேலை செய்யலாம் என்று தீர்ப்பு. வெளியே வந்ததும் ஆல்டன் என்னிடம் வந்து கைகுலுக்கினார். நோட்டீஸ் கொடுத்தவளுக்குக் கைகொடுத்த முதல் ஆள் அவர்தான்.

ஜூலையில் பரீட்சை எழுதினார். இப்போதெல்லாம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பக்கம் என்பதே கிடையாது. இதற்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கண்காணிப்பாளரை மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்டாராம். மூன்றாவது தடவை அந்தப் பெண் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். ஹோசியா வெளியே லாரியில் மூன்று மணிநேரம் இருந்தார். அந்த வெயிலில் வண்டிக்குள் ஏன் உட்கார்ந்திருந்தீர்கள், உள்ளே வந்து காத்திருக்கலாமே என்று நான் பிறகு கேட்டேன். உள்ளே போனால் அவனுக்கு விடை சொல்லிக்கொடுக்கத் தோன்றும், அப்புறம் என் லைசென்ஸ் போகும் என்றார். ஆல்டன் பாஸானார். எத்தனை மார்க் என்று அவர் சொல்லவில்லை. ஹோசியாவைவிட இரண்டு கூடுதல் என்று தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அந்த வருஷம் கோடை ரொம்ப நீண்டது. அக்டோபர் வந்தும் ஒரு சொட்டு மழை இல்லை. மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் எனக்குப் போன். இடெல்லா.

"வெர்னல், என் வீட்டுக்கு அடியில ரெண்டு பேர் காலையில இருந்து சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். "சமையலறைப் பக்கம் கால் அங்குலம் இறங்கிடுச்சாம். நான் கூப்பிடக்கூட இல்ல, அவங்களா வந்து அளந்துட்டு உள்ள போயிட்டாங்க. இறங்கினதுக்கு யார் காரணம்னு இப்போ பேச்சு நடக்குது. உங்க சட்டத்துல இதுக்கு ஏதாவது இருக்கா?"

புகாராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. மீன் பொரிச்சிருக்கேன், சோள ரொட்டி அடுப்புல இருக்கு. அவங்க ரெண்டு பேருக்கும் போதுமான்னு தெரியல, எப்படியும் நீ வா. சூடு ஆறுறதுக்குள்ள வா."

ஃபோர்ட்டன்பெரியிடம் களப்பணிக்குப் போகிறேன் என்று சொன்னேன். ரப்பர் பூட்ஸை எடுக்காமல் காரைக் கிளப்பினேன். தெருமுனையில் திரும்பும்போதே இருவரின் குரலும் கேட்டது. என் கார் நுழைந்தும் அது நிற்கவில்லை.